வேரோடு பிடுங்கும் இலாகா

என் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக ஒரு தகரப் பலகை கிடக்கிறது. வெள்ளை பூசி, நீல எழுத்தில் இரண்டு வரி எழுதிய பலகை. கீழ் வரியில் தமிழில் 'பெரியம்மை ஒழிப்பு'. மேல் வரியில் அதுவே ஆங்கிலத்தில். 'இராடிகேஷன்' என்று முடியும். அந்த நீளமான வார்த்தைக்குக் கீழேதான் என் கோழிகள் அடைகின்றன. கீரிப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாது போலிருக்கிறது, போன மாதம்கூட வந்து ஒரு பெட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அரசாங்க உத்தியோகத்தில் நான் சேர்த்த சொத்து என்று சொல்லிக்கொள்ள இந்தப் பலகை ஒன்றுதான் உண்டு. அதுவும் என்னுடையது அல்ல. எங்கள் இன்ஸ்பெக்டர் தன் சைக்கிள் பாரில் கம்பி போட்டுக் கட்டியிருந்தது.

அறுபதுகளின் பின்பாதியில் தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் நான் அம்மை குத்துகிறவனாக இருந்தேன். சின்னச் சக்கரம் போல முனையுள்ள ஒரு கருவி. கையில் மருந்துச் சொட்டை வைத்து, அதன்மேல் அந்த முனையை அழுத்தித் திருக வேண்டும். குழந்தைகள் என்னைக் கண்டால் சோளக்காட்டுக்குள் ஓடும். இப்படிப்பட்ட உத்தியோகத்துக்கு ஒரு கோமாளி தேவைப்பட்டான், கடவுள் என்னைப் படைத்து வைத்திருந்தார். "உனக்கு எத்தன கை? ரெண்டா? அப்ப ஒண்ணு எனக்குக் குடு, சந்தையில வித்துட்டு வந்து தர்றேன்" என்பேன். குழந்தை சிரிக்கும்போதே குத்திவிடுவேன். அதற்குப் பிறகு அது என்னை எந்த ஜென்மத்திலும் நம்பாது. ஆனால் ஒரு கைக்கு ஒரு தடவை ஏமாற்றினால் போதுமே.

இன்ஸ்பெக்டர் என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். கத்தோலிக்கக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. குருமடத்தில் சில வருஷம் சாமியாருக்குப் படித்துக்கொண்டிருந்தவர், அப்பா இறந்ததும் ஏர் பிடிக்கத் திரும்பி வந்துவிட்டார். பிறகு இந்த வேலை கிடைத்தது. சட்டைப் பையில் ஜெபமாலை, மனசில் பாதி லத்தீன், காலில் காட்டு மண், இதுதான் ஆள். நான் சேர்ந்த புதிதில் ஒரு டீக்கடையில் அந்தப் பலகையைப் பார்த்து ஒருவர், "இங்கிலீசுல இன்னா போட்டிருக்குதுங்க? கீழ இருக்கிறதேதானா?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "ஒழிச்சுக் கட்றதுங்க. சுத்தமா அழிக்கிறது" என்றேன்.

இன்ஸ்பெக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கு ஒரு வார்த்தையைப் பாதியில் விட்டால் சாப்பாடு இறங்காது. "அழிக்கிறதுங்கறது பின்னால வந்த அர்த்தம்யா. லத்தீன்ல ராடிக்ஸ்னா வேரு. அத வெளிய இழுத்துப் போடறதுதான் மொதல் அர்த்தம். தோட்டத்துல வேல செய்யறவன் வார்த்த அது. முள்ளங்கிக்கு இங்கிலீசுல ராடிஷ்னு சொல்றமே, அதுவும் இந்த வேர்லருந்து மொளச்சதுதான்" என்றார். கேட்டவர் தலையைச் சொறிந்தார். "அப்ப நீங்க முள்ளங்கி புடுங்கற ஆபீசருங்களா?" கடையே சிரித்தது. அன்றிலிருந்து நான் எங்கள் இலாகாவுக்கு முள்ளங்கி இலாகா என்று பேர் வைத்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முள்ளங்கி நல்லதுய்யா, இழுத்தா வந்துடும். இது கோரை. மேல புடுங்கினா போன மாதிரி இருக்கும். கெழங்கு உள்ள கெடக்கும், ஒரு மழைக்கு மறுபடியும் நிக்கும்" என்றார். கோரைப் புல்லோடு மல்லுக்கட்டிய குடியானவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. லத்தீன் புரியாத இடத்தில் கோரை புரிந்துவிட்டது.

கிழங்கு என்று அவர் சொன்னது, வீடுகளுக்குள் மறைத்து வைக்கப்பட்ட நோயாளிகளை. அம்மை வந்த வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தலை சீவ மாட்டார்கள், விருந்தாளி வந்தால் வா என்றோ போ என்றோ சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வீட்டு அடுப்பில் எண்ணெய் காயக்கூடாது, கடுகு வெடிக்கக்கூடாது. தாளித்தால் ஆத்தாளுக்கு ஆகாது, உடம்பில் அம்மை முத்து கொதிக்கும் என்பார்கள். எங்கள் ஜீப் சத்தமோ சைக்கிள் மணியோ கேட்டால் வேப்பிலையை உருவிவிட்டுக் குழந்தையைத் தானியக் குதிருக்குப் பின்னால் படுக்க வைத்துவிடுவார்கள். உருவின வேப்பிலை எங்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் மூக்குக்குத் தெரிந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில், எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும்போது, அவர் தெரு முனையில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு மெதுவாக நடப்பார். புகை வரும், ஆனால் தாளிப்பு வாசனை வராத வீட்டின் முன்னால் நிற்பார். "இந்த வூட்ல கேளுய்யா" என்பார். பெரும்பாலும் தப்பாது. நான் பக்கத்தில் நின்று வெறுமனே தலையாட்டுவேன். எனக்கு அப்போதே மூக்குப்பொடிப் பழக்கம். மூக்கு இருந்தது, முகத்துக்கு நடுவில் அழகுக்காக. "மூக்கால் சம்பளம் வாங்குகிற ஒரே ஆபீசருக்குக் கீழே மூக்கில்லாத ஒரே அசிஸ்டென்ட்" என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். கண்டுபிடித்த வீட்டில் அவர் சத்தம் போட மாட்டார். அம்மை கண்டவருக்கு எங்கள் ஊசியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். சுற்றி இருக்கிற வீடுகளுக்குக் குத்திவிட்டால் அது அந்த வீட்டோடு நிற்கும். அதற்குத்தான் அந்த மூக்கு.

காரிமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு ஊரில் இப்படி ஒரு வீட்டைக் கண்டுபிடித்தபோது அங்கிருந்த மணியக்காரர் அசந்துபோய்விட்டார். "மந்திரமாங்க? சோசியமாங்க?" என்று கேட்டார். நல்ல மனிதர், மோர் கொடுத்தார், கயிற்றுக் கட்டில் போட்டார். இன்ஸ்பெக்டருக்கும் ஒரு பலவீனம் உண்டு, கேட்டால் சொல்லிவிடுவார். டீக்கடையில் லத்தீன் சொன்ன அதே வாயால் கடுகு விஷயத்தையும் சொன்னார். மணியக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அடுத்த சந்தை நாளில் காரிமங்கலம் முழுக்க அது ஒரு கதையாக ஓடிக்கொண்டிருந்தது. தக்காளிக் கூடைக்குப் பின்னால் இருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்ததும், "அடியே, மூக்குக்காரரு வர்றாரு, எண்ணெயக் காய வைங்கடி!" என்று கத்தினாள். சந்தையே சிரித்தது. அவரும் வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தார். எங்கள் சைக்கிளுக்கு முன்னால் அந்தச் சிரிப்பு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

அது மழை பொய்த்த வருஷம். கடலைச் செடி முழங்கால் உயரம்கூட வரவில்லை. களிக்குத் தொட்டுக்கொள்ள உப்பும் பச்சை மிளகாயும் கிடைத்தால் பெரிது. அந்த வருஷத்தில், சந்தைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு சாயங்காலம் நாங்கள் போய் நின்றபோது தெரு முழுக்கத் தாளிப்பு வாசனை. எனக்குத் தெரியவில்லை, அவர்தான் சொன்னார். "கல்யாண வூடு மாதிரி மணக்குதுய்யா. ஒரு வூடு பாக்கி இல்ல." எனக்குமே காதில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பட்டாசுக்குப் போட்டியாக. குத்திக்கொள்ளச் சொன்னோம். நாளைக்கு வாங்க, அடுத்த வாரம் வாங்க என்றார்கள். இரண்டு மூன்று பேர்தான் கையை நீட்டினார்கள். "இந்தத் தெருவுக்கு ஆத்தா வரலய்யா, அடுத்த சுத்துல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார். எண்ணெய்ச் சட்டி காய்கிற நிலைமையில் ஒரு வீடும் இல்லாத வருஷத்தில் எல்லா வீட்டிலும் எப்படிக் காய்ந்தது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. மூக்கை நம்பினவர், வயிற்றைப் பற்றி யோசிக்கவில்லை.

அடுத்த சுற்றுக்கு முன்பே பால்காரர் ஒருவர் மூலம் செய்தி வந்துவிட்டது. போனோம். தெருவுக்குப் பின்னால் ஏரிக்கரை ஓரமாகச் சின்னச் சின்ன மண்மேடுகள். அன்றைக்கு யாரும் நாளைக்கு வா என்று சொல்லவில்லை. எல்லோரும் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். நான் வழக்கம்போல, "உனக்கு எத்தன கை" என்று ஒரு பெண் குழந்தையிடம் ஆரம்பித்தேன். அது என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ரெண்டு" என்று சொல்லி ஒன்றை நீட்டியது. சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அதற்குப் பிறகு அன்று முழுக்க நான் வேடிக்கை பேசவில்லை. என் வாழ்க்கையில் அப்படிப்பட்ட நாட்கள் குறைவு. என் மனைவியைக் கேட்டால் ஒன்றுமே இல்லை என்பாள்.

கடைசியில், தெருவின் நடு வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அந்தத் தெருவில் முதலில் அம்மை கண்டது அவள் பையனுக்குத்தான். இன்ஸ்பெக்டர் வாசனை பிடித்துக்கொண்டு போன அந்தச் சாயங்காலம் அவன் குதிருக்குப் பின்னால் படுத்திருந்தான். மறுநாளோ அதற்கு மறுநாளோ போய்விட்டான். அவள் கையை நீட்டவில்லை. அவர் முன்னால் வந்து நின்று, தணிந்த குரலில், ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் சொல்வது போலச் சொன்னாள்: "நான்தானுங்க தாளிச்சன். நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க. எல்லாரும் தாளிக்கிறாங்க, நீ மட்டும் தாளிக்கலன்னா காட்டிக் குடுத்துருமேன்னு கூட இருந்தவங்க சொன்னாங்க. எண்ணெ இல்ல, பக்கத்து வூட்ல வாங்கியாந்து தாளிச்சன். ஆத்தா உள்ள இருக்கறப்பத் தாளிச்சன். உள்ளருந்து, அம்மா நாத்தம்னான் பையன். அவ்வளவுதானுங்க. ஆத்தா கொதிக்க வெச்சுட்டா."

இன்ஸ்பெக்டர் வாயெடுத்தார். "அம்மா, அது ஒரு கிருமி..." என்று ஆரம்பித்தார். நான் எத்தனையோ ஊரில் கேட்ட பிரசங்கம் அது. அடுத்த வாக்கியம் எனக்கே மனப்பாடம். ஆனால் அடுத்த வாக்கியம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதாகோயில் பூசைக்குப் போகிற அந்த மனிதர் சொன்னார்: "ஆத்தாளுக்கு ஒம்மேல கோவம் இல்லம்மா. வாசனை புடிக்கிறேன்னு வந்தது நானு. எனக்குப் பயந்துதான் நீ சட்டிய வெச்ச. அந்தத் தாளிப்பு என்னுது. அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். இன்னையிலருந்து நான் தாளிச்சது எதையும் தொட மாட்டேன். நீ தாளி. ஒம் பொண்ணுக்கு, ஒம் வூட்டுக்காரருக்கு நல்லாத் தாளிச்சுப் போடு." அவள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். வரும் வழியில் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். நான் மெதுவாக, "சார், கடுகுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லேன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொல்லியிருக்கலாம். நம்பியிருக்க மாட்டா. நம்பாத உண்மைய வெச்சுக்கிட்டு அவ எப்பிடிய்யா தூங்குவா?" என்றார்.

அவர் சொன்னதைச் செய்கிற ஆள். அன்றிலிருந்து அவருக்குத் தனிக் குழம்பு. ரசத்தை எங்கள் பக்கம் சாறு என்போம், அந்தச் சாறும் தனி. அவர் மனைவி என்னிடம் அழாத குறையாகச் சொல்வார்: "இந்த மனுசன் ஒண்ணு சாமியாராவே போயிருக்கணும், இல்ல சம்சாரியா இருக்கணும். ரெண்டுங்கெட்டானக் கட்டிக்கிட்டு நான் ரெண்டு சட்டி கழுவறேன்." நாங்கள் கிராமங்களில் சாப்பிடும்போது அவர் களியைப் பச்சை வெங்காயத்தோடு விழுங்குவார். நான் பக்கத்தில் கத்தரிக்காய்க் குழம்பை வழித்துக்கொண்டிருப்பேன். தோழமைக்காகத் தியாகம் செய்யலாமா என்று ஓரிரு தடவை யோசித்தேன். யோசித்துக்கொண்டே இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

எழுபதுகள் வந்தன. என்னை மலேரியாவுக்கு மாற்றினார்கள். அதுவும் ஒழிப்புதான். ஆனால் கொசு எங்கள் பலகையைப் படிக்கவில்லை, ஒழிந்தது என்று சொன்ன பிறகு திரும்பி வந்தது. பெரியம்மை திரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் அதன் சுவடே இல்லாமல் போய், பிறகு தேசத்திலேயே இல்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். அதற்குள் இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்று, வத்தல்மலை அடிவாரத்தில் தன் நிலத்தில் உட்கார்ந்திருந்தார். செய்தி கேட்ட அன்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். "சார், வேரோட புடுங்கியாச்சு! இனிமேலாவது ஒரு வாய் தாளிச்ச சாறு குடிங்க, அம்மா சந்தோசப்படுவாங்க" என்றேன். அவர் சிரித்தார். அப்புறம் மெதுவாக ஒரு விஷயம் சொன்னார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது, ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு, சாயங்காலத்தில் அந்தத் தெரு வழியாகப் போய் வருகிறாராம். "நடு வூட்ல வாசனை வரலய்யா. மத்த வூட்ல எல்லாம் வருது. அவ இன்னும் சட்டிய வெக்கல. அவ வெக்கட்டும், நானும் குடிக்கிறேன்."

"அவங்ககிட்டயே கேட்டுடலாமே சார்?"

"கேட்டா ஞாபகப்படுத்தின மாதிரி ஆவும்யா. அவளா மறக்கட்டும்." பிறகு பலகையைக் காட்டினார். சுவரோரம் சாத்தி வைத்திருந்தார். "இத நீ எடுத்துட்டுப் போ. மேல எழுதினது பொய் ஆயிடல. ஆனா எனக்குப் பாக்கப் புடிக்கல" என்றார். அதுதான் என் கோழிகளுக்குக் கூரையானது.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். வயிற்றில் கட்டி. முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது அவர் மனைவி சொன்னார்: கடைசி நாட்களில் ஒன்றும் இறங்கவில்லை. சாமியார் வந்து, சாகப்போகிறவருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, மனசு கேட்காமல், ஒரு கரண்டி எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் போட்டுச் சாற்றில் கொட்டி எடுத்துக்கொண்டு போனாராம். இன்ஸ்பெக்டர், "நல்லா மணக்குது" என்றாராம். அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வது என்று தெரியாமலேயே போனேன். அதே நடு வீடு. அவளுக்குத் தலை நரைத்திருந்தது. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், வீட்டுக்காரர் கடலைக்காட்டில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு உட்காரச் சொன்னாள். பொழுது சாய்கிற நேரம். நான் மூக்கை இழுத்துப் பார்த்தேன். பொடி தின்ற மூக்கு, ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒரு தட்டில் களியும் கிண்ணத்தில் கொள்ளுச் சாறும் வைத்தாள். மூக்கு கைவிட்ட பிறகு கண்தானே? கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தேன். தெளிந்த சாறு. மேலே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, ஒரு கடுகு மிதக்கவில்லை.

"அந்த ஐயா எப்பிடிங்க இருக்காரு? இன்னும் அப்பிடியேதான் தின்றாருங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் அப்பிடியேவா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சந்தையில சொல்லுவாங்க. எம் பையனுக்காக ஒரு மனுசன் நாக்கக் கட்டிட்டு இருக்காரு, நான் எப்பிடிங்க சட்டியக் காய வெக்கறது? அவரு தாளிச்சது தின்னுட்டாருன்னு ஒரு சேதி வந்தா, அன்னைக்கி நானும் வெச்சுப்புடலாம்னு இருக்கறன். மவ கூட திட்டறா. அவரப் பாத்தா சொல்லுங்க, போதும்னு. நான் சொன்னன்னு சொல்லுங்க."

ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைத்தவன் நான். கையில் களி உருண்டையோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு, அவர் போய்விட்டதைச் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"போவறப்பவாவது ஒரு வாய் தின்னாருங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார், ஆத்தாளின் பேரைச் சொல்லியே சொல்லியிருப்பார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. "இல்லைங்க. நல்லா மணக்குதுன்னு மட்டும் சொன்னாராம்" என்றேன்.

அவள் அடுப்பைப் பார்த்தாள். "அப்ப இனிமே யாரு வந்து போதும்னு சொல்றதுங்க" என்றாள். பிறகு, "சாறு ஆறுது, குடிங்க" என்றாள். குடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி சமைத்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடித்தது. நான் கொல்லைப்பக்கம் போய்க் கோழிகளை அடைத்தேன். பலகையில் துரு ஏறியிருக்கிறது, ஆனாலும் நீல எழுத்து தெரிகிறது. கூண்டைச் சுற்றி வருஷா வருஷம் மழைக்குக் கோரை முளைக்கும். இந்த வருஷமும் முளைத்திருந்தது. குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தேன். சுலபமாக, கை நிறையப் புல் வந்தது. கிழங்கு வரவில்லை.